கூலி கொடுத்தபின் கடன் உண்டோ?

பினாங்கில் பிறந்தவனுக்குக் குளிர் என்பது கேள்வியறிவேயன்றி அநுபவமன்று. வெயில் பொறுக்க முடியாதபோது கொடிமலைக்கு ஏறுகிறோம். அங்கே மாலைக்காற்றுக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "என்ன குளிர், என்ன குளிர்!" என்று மகிழ்ந்து இறங்கிவிடுகிறோம். இன்று மலை இரயில் சில நிமிஷங்களில் நம்மை மேலே சேர்த்துவிடுகிறது. அந்த இரயில் 1923-ம் ஆண்டில் ஓடத் தொடங்குவதற்கு முன்னர், துரைமாரும் துரைசானிமாரும் அதே குளிரை நாடி, நாற்காலிகளில் அமர்ந்து, பிறர் தோள்மீது ஏறிச் சென்றனர். சுமந்தவருள் நம்மவரும் இருந்தனர். மலைமீதுள்ள முருகன் கோயிலின் தொடக்கத்தை அந்தச் சுமையாட்களோடும் சிப்பாய்களோடும் சேர்த்தே இன்றும் சொல்லுகின்றனர். ஏறிச் சென்றவர் தாம் கண்ட காட்சிகளைக் கடிதமாகவும் புத்தகமாகவும் எழுதி வைத்துப் போயினர். சுமந்தவர் என்ன கண்டார், என்ன நினைத்தார் என்பதற்கு ஏடு இல்லை.

இதனை முதலில் கூறுவதற்குக் காரணம் உண்டு. சென்ற தை மாதத்தில் நாங்கள் அறுவர் பினாங்கிலிருந்து புறப்பட்டு, நேப்பாள நாட்டின் முக்திநாத்துக்கு ஒரு வழிகாட்டியின் துணைகொண்டு நடந்து சென்று வந்தோம். பள்ளியாசிரியர் ஒருவர், துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், கணவனும் மனைவியுமாக இருவர், என்னோடு சேர்த்துத் தோட்டத்துக் கிராணிமார் இருவர். முக்திநாத் வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் சாளக்கிராமம் என்று எண்ணப்படுவது. அறுவரில் நால்வர் தரிசனத்திற்காக வந்தவர்கள். நானும் மற்றொரு கிராணியாரும் பனியைப் பார்க்க வந்தவர்கள். எவர் பங்குக்கு எவ்வளவு புண்ணியம் என்று கணக்கிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஜோம்சோம் என்னும் சிற்றூரில் வானூர்தியை விட்டு இறங்கியதும் எங்களுக்கு நாவே எழவில்லை. காளி கண்டகி ஆற்றின் அகன்ற படுகையில் நீர் ஓரமாய் ஒதுங்கிக் கிடக்க, மற்றெங்கும் கல்லும் மணலுமாய் இருந்தது. மரமென்று சொல்லத்தக்கது அங்குமிங்கும் ஒன்றிரண்டே. தலைக்குமேல் இருபத்தாறாயிரம் அடிக்கு மேற்பட்ட வெண்மலைகள் நின்றன. நண்பகல் நெருங்கியதும் அப்பள்ளத்தாக்கில் ஒரு காற்று எழுகிறது. அது வீசுவதில்லை, தள்ளுகிறது. எந்தத் திசையில் திரும்பினாலும் செம்பனையோ ரப்பரோ பச்சையாய் நிற்கக் கண்டு வளர்ந்த கண்களுக்கு, ஓர் இலையுமற்ற அந்த வெளி முதலில் அச்சத்தையும், பிறகு சொல்லொணாத அமைதியையும் தந்தது. முப்பத்தைந்து வயதுவரை நான் அறிந்த உலகம் முழுவதும் ஈரமாயிருந்தது என்பதை அங்கேதான் உணர்ந்தேன்.

எங்களோடு வழிகாட்டி ஒருவரும் சுமையாட்கள் மூவரும் வந்தனர். ஒருவன் இருவர் பைகளைச் சேர்த்துக் கட்டி, கயிற்றோடு பிணைத்த அகன்ற பட்டையை நெற்றியில் மாட்டி, முதுகில் முப்பது கிலோவைச் சுமப்பான். அந்தப் பட்டைக்கு அவர்கள் மொழியில் 'நாம்லோ' என்று பெயர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் பெண்கள் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமந்ததைப் படங்களில் பார்த்தவருக்கு அது புதிதாய்த் தோன்றாது. நம் ரப்பர்த் தோட்டத்துக் காண்டாவாளியும் அதற்கு உறவே. தோளில் காவடிபோல் தூக்கிச் சோறு விற்ற தமிழ் முஸ்லிம்களின் உழைப்பு 'நாசி கண்டார்' என்ற பெயரில் இன்றும் பினாங்கின் நாவில் நிற்கிறது. சுமப்பது நமக்கு அந்நியமான தொழிலன்று. சுமக்கவைப்பதுதான் எங்களுக்குப் புதிது. அந்தப் புதுமையில் எங்களுக்குச் சற்றே கூச்சமும், உண்மையைச் சொன்னால், சற்றே பெருமையும் இருந்தன.

இரண்டாம் நாள் காக்பேனியிலிருந்து ஏறி, ஜார்கோட் என்னும் ஊரில் ஒரு தேநீர்க்கடையில் இளைப்பாறிவிட்டு, மாலை மூன்று மணிக்கு ராணிபௌவா சேர்ந்தோம். முக்திநாத்துக்குக் கீழே யாத்திரிகர் தங்குமிடம் அது. உயரம் பன்னிரண்டாயிரம் அடிக்கு மேல். மூச்சு வாங்குகிறது, தலை இடிக்கிறது, இரண்டு படி ஏறினாலும் நிற்கவேண்டியிருக்கிறது. அறையிற் பையைப் பிரித்தபோதுதான் என் புகைப்படக் கருவியை ஜார்கோட்டுத் தேநீர்க்கடையில் விட்டுவந்தது தெரிந்தது. வெளியே பனி தூறத் தொடங்கியிருந்தது.

வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார். "கடைக்காரர் நல்லவர், பத்திரமாயிருக்கும். நாளைக் காலையில் எடுத்துவரலாம்" என்றார். துறைமுகப் பெரியவரும், "விடுங்கள் தம்பி, ஓர் இரவுதானே" என்றார். எனக்கோ அன்றைய மாலையில் பனி பெய்யும் காட்சியைப் படமெடுக்கவேண்டுமென்ற ஆசை. அவ்வாசையை நேரே கூற நாணி, "இவ்வளவு பணம் கட்டி வந்திருக்கிறோம், இந்தச் சிறு உதவியும் கூடாதா?" என்றேன். ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கில வழியில் கற்ற கல்வி இத்தகைய சொற்களைத் தடுமாறாமல் சொல்ல உதவுகிறது.

வழிகாட்டி மறுமொழி கூறுமுன்னரே, மூவரில் இளையவன், பத்தொன்பது அல்லது இருபது வயதிருக்கும், சிரித்துக்கொண்டே எழுந்தான். "நான் போகிறேன்" என்று சைகை காட்டினான். அப்போதுதான் முப்பது கிலோவை இறக்கி வைத்து உட்கார்ந்தவன். தேநீர் அவன் கையிலிருந்தது. அதைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

போய்வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஐந்து மணிக்கு வரவில்லை. ஆறு மணிக்கும் வரவில்லை. பனி கனத்துக்கொண்டே போயிற்று. வழிகாட்டி எங்களோடு அடுப்பருகே உட்காராமல் வாயிலுக்கும் உள்ளுக்குமாய் நடந்தார். அங்கிருந்து மேலே செல்லும் தோரோங் கணவாயின் பக்கமாய் ஒருமுறை கையைக் காட்டி, 2014-ம் ஆண்டு ஐப்பசிப் பிறப்பை ஒட்டி நிகழ்ந்ததைச் சொன்னார். அந்தமான் கடலில் உருவான ஹூட்ஹூட் புயல் அக்டோபர் 12-ம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையேறியது. அதன் மிச்சம் இரண்டு நாளில் இமயத்தை எட்டி, அந்தக் கணவாயிலும் சுற்றுப்புறத்திலும் பெரும் பனியாய்க் கொட்டியது. நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நடைப்பயணிகளோடு வழிகாட்டிகளும், சுமையாட்களும், மாடு மேய்ப்பவரும் அதில் அடங்குவர். அந்தமான் நமக்கு அயலிலுள்ள கடல். அங்கே எழுந்த ஈரம் இங்கே வந்து ஆட்களைக் கொன்றது என்று கேட்டபோது, எனக்குப் பேச நாவில்லை.

ஏழரை மணிக்கு அவன் வந்தான். கடை பூட்டியிருந்ததாம், கடைக்காரரைத் தேடிப் பிடிக்க நேரமாயிற்றாம். என் கருவி நனைந்துவிடாதபடி, தன் கழுத்திலிருந்த கம்பளித் துணியை அவிழ்த்து அதைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தான். அவன் கையில் உறை இல்லை. வலக்கையின் இரண்டு விரல் நுனிகள் மெழுகுபோல் வெளுத்துப்போயிருந்தன. வழிகாட்டி அவனை அடுப்பருகே விடாமல், வெதுவெதுப்பான நீரில் அக்கையை நெடுநேரம் வைத்திருந்தார். உணர்ச்சி திரும்பும்போது வலி வருமாம். அப்போதும் அவன் சிரிக்க முயன்றான். மறுநாள் அவ்விரல்களில் கொப்புளம் எழுந்திருந்தது. நான் பணம் கொடுத்தேன். அவன் எதிர்பார்த்ததைக் காட்டிலும் மிகுதியாகவே கொடுத்தேன். அவன் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான். எனக்கு மனம் ஆறிற்று. இங்கேதான் என் குற்றம் என்று இப்போது நினைக்கிறேன். அவனை அனுப்பியதைவிட, பணம் கொடுத்தவுடன் மனம் ஆறியதே பெரிய குற்றம்.

நிற்க. என் தொழில் கணக்கெழுதுவது. தோட்டத்தில் ஒருவன் ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர். மழை வந்து பாதியில் கலைந்தால் அரைப் பேர். பேர் போட்டுக் கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டால் ஏடு நேராகிறது. எவருக்கும் எவரிடமும் பாக்கி இல்லை. 'கூலி' என்னும் சொல் தமிழில் உழைப்பின் விலையைக் குறிக்கும், ஆளைக் குறிப்பதன்று. உலகெங்கும் தோட்டமும் சாலையும் போட்டவர்கள் அந்த விலையின் பெயரையே ஆளுக்குச் சூட்டி, ஆளையே 'கூலி' என்று அழைத்தனர். விலையும் ஆளும் ஒன்றானபின், விலையைக் கொடுத்தவன் ஆளைத் தீர்த்துவிட்டதாக எண்ணுவதில் வியப்பென்ன?

அவன் தானாகத்தானே எழுந்து போனான், எவரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று சில அன்பர்கள் கூறினர். ஆசிரியர் இதனைப் பலமுறை சொல்லி என்னைத் தேற்றினார். இவ்வாதம் என்னைப் போன்றவருக்கு மிகவும் இனிப்பது. ஆகவே அதனை ஐயுறவேண்டும்.

1922-ம் ஆண்டு எவரெஸ்ட் சிகரத்தின்மீது ஏற ஆங்கிலேயர் முயன்றனர். ஜூன் 7-ம் தேதி, புதுப்பனி மிகுதியாய்ப் படிந்திருந்த சரிவொன்றில் மல்லோரி, சாமர்வெல், கிராபோர்டு என்னும் மூன்று ஆங்கிலேயரும் பதினான்கு சுமையாட்களும் கயிறு பிணைத்து ஏறினர். பனி சரிந்தது. ஒன்பது சுமையாட்கள் பள்ளத்தில் விழுந்தனர். இருவரைத் தோண்டி எடுத்தனர், எழுவர் மாண்டனர். ஆங்கிலேயர் ஒருவருக்கும் உயிர்ச்சேதமில்லை. அந்த எழுவரும் தாமாகவே வந்தவர்கள்தாம், கூலிக்கு இசைந்தவர்கள்தாம். ஆயினும் அறுவைமருத்துவராகிய சாமர்வெல்லின் மனம் அவ்வாதத்தில் ஓயவில்லை. மாண்டவருள் தம்மவர் ஒருவரும் இல்லையே என்பதே அவரை வாட்டியது. தங்களுள் ஒருவராவது அவர்களோடு கிடந்திருந்தால், அபாயத்தைப் போலவே இழப்பையும் பங்கிட்டுக்கொண்டதை மற்றவர் அறிந்திருப்பரே என்ற கருத்துப்பட, பின்னாளில் தம் நூலில் மறைக்காமல் எழுதினார்.

இந்தச் சாமர்வெல் நம்மவருக்கு அந்நியரல்லர். அம்மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த, இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள, நெய்யூர் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே மருத்துவருக்காகக் காத்துக்கிடந்த நோயாளிக் கூட்டத்தைக் கண்டார். லண்டனில் தமக்கிருந்த எதிர்காலத்தை விட்டு அங்கேயே பணிசெய்ய வந்துவிட்டார். பின்னர் வேலூரிலும் பணியாற்றினார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் தமிழ் பேசும் மக்களின் வயிற்றுப்புண்ணை அறுத்து ஆற்றியவர் அவர். எழுவர் மரணத்திற்குப் பரிகாரமாகவே வந்தார் என்று கூற நான் துணியேன். ஒருவர் வாழ்க்கையை அவ்வளவு எளிதாகக் கூட்டிக் கழிக்கக் கிராணிக்கும் உரிமையில்லை.

ஆனால் 1924-ம் ஆண்டு நடந்ததை மட்டும் சொல்லவேண்டும். மறுபடியும் எவரெஸ்ட்; மறுபடியும் அதே சரிவு. சுமையாட்கள் நால்வர் மேலே ஏறக்குறைய இருபத்துமூவாயிரம் அடியில் தங்கிவிட்டனர். புதுப்பனிக்கு அஞ்சி இறங்க முடியவில்லை. நார்ட்டன், மல்லோரி, சாமர்வெல் மூவரும் தங்கள் சிகர முயற்சியை நிறுத்திவைத்துவிட்டு அவர்களை மீட்க ஏறினர். நால்வரை எட்டுமுன் கயிறு சில கஜம் குறைந்துபோயிற்று. இருவர் எப்படியோ கடந்து வந்தனர். மற்ற இருவர் வழுக்கினர். சாமர்வெல் பனிக்கோடரியை ஊன்றி, கயிற்றின் கடைசி நுனியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மறுகையை நீட்டி, அவ்விருவரையும் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்துச் சேர்த்தார். நால்வரும் பிழைத்தனர். அதில் செலவான வலிமை திரும்பவில்லை. சில நாள் கழித்து நார்ட்டனும் சாமர்வெல்லும் ஏறக்குறைய இருபத்தெட்டாயிரம் அடிவரை ஏறி, சிகரம் காணாமலே திரும்பினர். நான் மாணவனாயிருந்தபோது மல்லோரியின் கதையை ஆங்கிலத்தில் ஆவலோடு படித்தேன். அந்த நால்வரைப் பற்றி எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. சிகரம் ஏறாத கதையைப் பாடப்புத்தகம் விரும்புவதில்லை போலும்.

நம் நாட்டார் முதன்முதல் எவரெஸ்ட் ஏறியது 1997-ம் ஆண்டு மே மாதம் 23-ம் தேதி. ஏறியவர் மகேந்திரன், மோகனதாஸ் என்னும் இருவர். பெயரைக் கேட்டவுடன் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம், அது நியாயமே. அன்று அவர்களோடு ஏறிய ஷெர்ப்பாக்களின் பெயரை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? நானும் அறிய முயன்றவனல்லன்.

2014-ம் ஆண்டு ஏப்ரல் 18-ம் தேதி, பணம் கட்டி ஏற வந்தவர்களுக்காகப் பாதை அமைத்தும் மூட்டை தூக்கியும் சென்ற நேப்பாளத் தொழிலாளர் பதினாறு பேர் எவரெஸ்ட் பனியருவியில் நசுங்கி மாண்டனர். குடும்பத்துக்கு நாற்பதினாயிரம் நேப்பாள ரூபாய், அதாவது ஏறக்குறைய நானூறு அமெரிக்க டாலர், உடனடி உதவி என்று அரசாங்கம் அறிவித்தது. ஷெர்ப்பாக்கள் அதற்குமேல் அவ்வாண்டு ஏற மறுத்துவிட்டனர். பெருந்தொகை கட்டி வந்தவர்கள் திரும்பிப் போயினர். அவர்களுள் சிலர் மனம் நொந்திருப்பர். எனக்கோ, இந்த விஷயத்தில் நான் தேடிய விடை அம்மறுப்பில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

வழிகாட்டியை அமர்த்துகிறவன் அவனுடைய கால்களை மட்டும் அமர்த்துவதில்லை. 'கூடாது' என்று சொல்லும் அவன் அறிவையும் சேர்த்தே அமர்த்துகிறான். அவன் வானத்தைப் பார்த்து 'நாளைக்கு' என்று சொல்லும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பணம். அதனைச் சொல்ல அவனுக்கு இடமில்லாமற் செய்துவிட்டு, 'ஆகட்டும்' என்பதை மட்டும் விலைக்கு வாங்கினால், நாம் வாங்கியது வேறு ஏதோ. சிரித்துக்கொண்டு எழுந்த அந்த இளைஞனால் உட்கார்ந்திருக்க முடிந்திருக்குமா? மாட்டேன் என்றிருந்தால் கடைசி நாளில் இனாம் குறையும். அடுத்த கூட்டத்துக்கு வேறொருவனை அழைப்பார்கள். மறுக்க வழியில்லாதவனுடைய இசைவை இசைவென்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதனை நாம் அறியாதவரா? நம் முன்னோரும் சிறு சிறு கூட்டமாய், ஒரு வழிகாட்டியின் பின்னால், கண்டறியாத நாட்டுக்கு வந்தவர்களே. அந்த வழிகாட்டிக்குக் கங்காணி என்று பெயர். ஊருக்குப் போய், உறவைச் சொல்லி, ஆட்களைச் சேர்த்து, நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கினான். எத்தனை ஆட்கள் வேலைக்கு இறங்கினரோ அத்தனைக்கும் அவனுக்குத் தலைக்காசு. இங்கே வழிகாட்டியே கூட்டத்தின்மேல் சம்பாதித்தான். கூட்டத்தாருக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வாயில்லை. ஒப்பந்தக் கூலிமுறை 1910-ம் ஆண்டில் ஒழிந்தது. கங்காணி ஆள்கட்டுவதும் 1938-ம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடைசெய்ததோடு நின்றது. என் பாட்டியின் தந்தையார் அவ்வாறு வந்தவர். காய்ச்சலில் படுத்தவரைத் தண்டல் வந்து எழுப்பிப் பெரட்டுக்கு அனுப்பினான் என்று பாட்டி சொல்வார். "அவரும் எழுந்துதான் போனார், யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை" என்றும் சொல்வார். சிறுவயதில் அவ்வாக்கியத்தின் கசப்பு எனக்கு விளங்கவில்லை.

அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே என்று கேட்கலாம். ஜார்ஜ் டவுனில் திரிஷா ஏறக் கூசி, இரக்கத்தோடு நடந்து செல்லும் நல்லவர்கள் உண்டு. வண்டிக்காரன் அவர்கள் இரக்கத்தைச் சமைத்து உண்ண முடியாது. ஜோம்சோம் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தில் வேறு வருவாய் அரிது. எங்கள் அறுவர் பணம் நான்கு குடும்பங்களுக்கு உதவிற்று என்பதில் ஐயமில்லை. ஆகவே போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பனியை ஒருமுறை கண்டவன் அவ்வாறு சொன்னால் பொய்யுமாகும். ராணிபௌவாவில் மறுநாள் விடிந்தபோது, அந்த வெண்மையின்மேல் முதல் வெயில் பட்டதைக் கண்டேன். அதனை மறக்க என்னால் இயலாது, மறக்க விரும்பவுமில்லை. அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அவன் கொண்டுவந்து கொடுத்த கருவியால் எடுத்தது.

ஊர் திரும்பியபின் இரண்டு மாதம் கழித்து வழிகாட்டிக்குக் கடிதம் எழுதினேன். அவ்விளைஞனின் விரல் எவ்வாறிருக்கிறது என்று கேட்டேன். அன்றிரவே கேட்டிருக்கவேண்டிய மற்றொன்றையும், அதாவது அவன் பெயரையும், கேட்டேன். நான்கு நாள் நாங்கள் அவனைத் 'தம்பி' என்று தமிழிலேயே அழைத்து வந்திருந்தோம். மறுமொழி வந்தது. பெயரை எழுதியிருந்தார். ஒரு விரல் ஆறிவிட்டது. மற்றதன் நுனியில் நகம் முளைக்கவில்லை. அவன் இப்போது மலைவேலைக்கு வருவதில்லை. ஏஜெண்டு ஒருவன் மூலம் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டான். மலேசியா என்று கேள்வி. எந்த ஊர் என்று தெரியவில்லை.

நம் நாட்டுத் தொழிற்சாலைகளிலும் வாயிற்காவலிலும் நேப்பாளத்தார் எத்தனையோ பேர் இருக்கின்றனர். நான் பத்திரம் கொடுக்கப் போகும் அலுவலகத்தின் வாயிலிலும் ஒருவர் நிற்கிறார். கையெழுத்திட ஏட்டை என் பக்கம் நகர்த்தி, பேனாவை நீட்டுவார். பாயான் லெப்பாஸில் மாலைவேலை கலையும் நேரத்தில் பேருந்துக்காக வரிசையாய் நிற்பவரையும் பார்க்கிறேன். முன்பெல்லாம் முகத்தைப் பார்த்துப் போவேன். இப்போது கையைப் பார்க்கிறேன்.